சுஷிமா தீவும் சித்திரை மாதத்துச் சிவன் கோயிலும்

நீளமான பதிவு. டீயோ காபியோ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் முழுக்க ஏன் ஆளைக் காணோம் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

பேரன் கல்லூரி விடுமுறைக்குப் படப்பை வந்தான். பையில் துணிமணியைவிட ஒயர்தான் அதிகம். கூடத்து டிவியில் எதையோ மாட்டினான். அன்றோடு என் மனைவிக்கு சீரியல் போயிற்று, எனக்கு எட்டு மணிச் செய்தி போயிற்று. மூன்றாம் நாள் சத்தம் போடுவதற்காகத்தான் எழுந்து போனேன். திரையில் ஒரு கடற்கரை. மேட்டில் குதிரை வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கீழே கடலே தெரியாத அளவுக்குக் கப்பல்கள்.

"என்னடா இது?"

"மங்கோலியர் படையெடுப்பு தாத்தா. 1274ல நடக்குது."

முப்பத்திரண்டு வருஷம் வரலாறு நடத்தியவனுக்கு ஓர் ஆண்டைக் காதில் போட்டால் கால் நகராது. திட்ட வந்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலாம் நாள் கன்ட்ரோலர் என் கையில். "இந்த வயசுல கத்திச் சண்டை ஒண்ணுதான் பாக்கி" என்றாள் வீட்டுக்காரி. நியாயமான விமர்சனம்தான்.

விளையாட்டின் பெயர் கோஸ்ட் ஆஃப் சுஷிமா. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் சக்கர் பஞ்ச் என்ற நிறுவனம் செய்தது. 2020 ஜூலையில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது, 2024 மே மாதம் கம்ப்யூட்டருக்கும் வந்தது. சுஷிமா என்பது ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவில் இருக்கும் தீவு. மங்கோலியப் படை அங்கே இறங்குகிறது. எண்பது சாமுராய்கள் கொமோடா கடற்கரையில் எதிர்த்து நின்று மடிகிறார்கள். பிழைத்தவன் ஜின் சாகாய் என்ற இளைஞன். அவனை வளர்த்த தாய்மாமன் ஷிமுரா பிரபு எதிரியிடம் சிறைப்படுகிறார். மாமனை மீட்க வேண்டும், தீவை மீட்க வேண்டும். அதுதான் கதை.

விளையாடியவன் என்ற முறையில் முதலில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். வரலாற்று வாத்தியார் பிறகு வருவார்.

கத்திச் சண்டை பிரமாதம். கையில் கிடைத்த பொத்தானையெல்லாம் அமுக்கினால் செத்துப்போவோம். நான் முதல் நாளில் செத்ததற்குக் கணக்கில்லை. வாள்காரனுக்கு ஒரு நிலை, கேடயக்காரனுக்கு ஒரு நிலை, ஈட்டிக்காரனுக்கு வேறொன்று என்று நான்கு வகை நிற்கும் முறைகள் இருக்கின்றன. எதிரியின் கையைப் பார்த்து நம் காலை மாற்ற வேண்டும். சிறு வயதில் சிலம்பம் கொஞ்சம் பழகியவன் நான். வாத்தியார் கம்பைப் பார்க்காதே, தோளைப் பார் என்பார். அது இங்கே உதவியது என்று சொன்னால் பேரன் நம்பமாட்டேன் என்கிறான். ஆனால் 'ஈஸி'யில் வைத்துத்தான் விளையாடினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதைவிட எனக்குப் பிடித்தது காற்று. வழி தெரியாவிட்டால் அம்புக்குறி வராது. கன்ட்ரோலரில் விரலைத் தேய்த்தால் காற்று வீசும். புல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். இதை யோசித்தவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம். வெந்நீர் ஊற்றில் குளித்தால் ஆயுள் கூடுகிறது, நரியின் பின்னால் போனால் கோயில் வருகிறது. அங்கங்கே உட்கார்ந்து கவிதையும் கட்டலாம்.

குறை உண்டு. நடுவில் ஒரே மாதிரி வேலைகளை மறுபடி மறுபடி கொடுக்கிறார்கள். ஒரு கிராமத்தை மீட்டால் அடுத்த கிராமம், அதை மீட்டால் அதற்கடுத்தது. பக்கம் நிரப்பும் தொடர்கதை மாதிரி. மங்கோலியத் தலைவன் கோட்டுன் கான் புத்திசாலியாக அறிமுகமாகிறான். எதிரியின் மொழியைக் கற்று வந்தவன் என்று காட்டுகிறார்கள். போகப் போக வெறும் வில்லனாகி விடுகிறான். அவனுக்கும் ஒரு ஊர், ஒரு நியாயம் இருக்கும் என்ற எண்ணம் கதையில் தேய்ந்துபோகிறது. இது எனக்குக் கடைசி வரை உறுத்தியது.

இனி வாத்தியார்.

ஜின் சாகாய் கற்பனை. ஷிமுரா கற்பனை. கோட்டுன் கானும் கற்பனை, குப்ளாய் கானின் உறவுக்காரனாகக் கதைக்காகப் படைத்தது. ஆனால் கொமோடா கடற்கரை உண்மை. 1274 நவம்பரில் அங்கே எதிர்த்து நின்றவர் சுஷிமாவின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த சோ சுகெகுனி. எண்பது குதிரை வீரர்கள் என்பதும் பழைய ஏடுகள் சொல்லும் கணக்குதான். அத்தனை பேரும் மாண்டார்கள். அந்த இடத்தில் ஒரு கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பரில் இன்றும் விழா எடுக்கிறார்கள்.

வந்த கப்பல்கள் சுமார் 900. மங்கோலியர் கப்பல் கட்டத் தெரிந்தவர்கள் அல்ல. கட்டியவர்கள் கொரியர்கள், அப்போது கோர்யோ நாடு. தோற்று அடங்கிய நாடு என்பதால் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தச்சரையும் கூலியாட்களையும் வைத்து அவசர அவசரமாகக் கட்ட வைத்தார்கள். படகோட்டியவர்களும் அவர்களே, இறங்கிச் சண்டை போட்டவர்களில் ஒரு பங்கும் அவர்களே. விளையாட்டில் இந்தக் கொரியத் தச்சனைத் தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. இன்னொன்று: விளையாட்டில் மங்கோலியர் தீவைப் பல மாதம் பிடித்துவைத்திருப்பது போல இருக்கிறது. நடந்தது சில நாட்கள்தான். சுஷிமாவை அழித்துவிட்டு இகி தீவுக்குப் போனார்கள், அதையும் அழித்துவிட்டு ஹகாட்டா விரிகுடாவில் இறங்கினார்கள், அங்கே சண்டை போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

அந்தக் கவிதை சமாச்சாரத்தையும் சொல்ல வேண்டும். ஜின் எழுதுவது ஹைக்கூ. ஹைக்கூ தனி வடிவமாக நின்றது பாஷோ காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டில். சங்கப் புலவர் புதுக்கவிதை எழுதுவது போல. ராக்கெட் அம்பு வண்டி ஒன்று வருகிறதே, அதுவும் கொரியாவில் 15ஆம் நூற்றாண்டுச் சரக்கு. சாமுராய் என்றால் வாள் என்று நினைக்கிறோம். 1274இன் சாமுராய் முதலில் குதிரைமேல் இருந்து அம்பு விடுபவன். வாள் அதற்குப் பிறகுதான். இதெல்லாம் குற்றமில்லை. குரோசாவா படம் பார்த்து மயங்கியவர்கள் செய்த விளையாட்டு. கறுப்பு வெள்ளையில் விளையாட ஓர் அமைப்பு வைத்து அவர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அவர்கள் காட்டுவது 13ஆம் நூற்றாண்டை அல்ல, 1954இல் வந்த சினிமா காட்டிய ஜப்பானை. பாலாஜி சக்திவேல் படம் பார்த்த பையனிடம் எம்.ஜி.ஆர். வாள் வீசுவதைக் காட்டி இதுதான் சோழர் காலம் என்று சொன்னால் எப்படியோ அப்படி.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் விளையாட்டு சொல்வதற்கும் நடந்ததற்கும் தூரம் அதிகம். அது மானம்.

கதையின் நடு முடிச்சே அதுதான். மாமன் சொல்கிறார், எதிரியின் முகத்துக்கு நேரே நின்று பேர் சொல்லிச் சண்டை போடு, பின்னாலிருந்து குத்துவது நம் குலத்துக்கு அழகல்ல என்று. மருமகன், அப்படி நின்ற எண்பது பேரும் போய்விட்டார்களே, இருட்டில் போய்க் குத்தினாலும் ஊர் பிழைக்கட்டும் என்கிறான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாமுராய் தர்மம் என்று நாம் இன்று பேசுவதில் பெரும்பகுதி சண்டையே இல்லாத பிற்காலத்தில், உட்கார்ந்து எழுதியது.

அன்றைய உண்மைச் சாமுராய் ஒருவரை நமக்கு நன்றாகவே தெரியும். தகெசாகி சுயெநாகா என்று பேர். ஹகாட்டாவில் ஐந்தாறு பேரோடு போய் மங்கோலியர் கூட்டத்தில் பாய்ந்து, குதிரையை இழந்து, தானும் காயம்பட்டவர். சண்டை முடிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? தன் வீரச்செயல் மேலிடத்து அறிக்கையில் ஏறவில்லை என்று தெரிந்ததும், குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்குப் பணம் புரட்டிக்கொண்டு, தலைநகர் காமகுராவுக்கே நடையைக் கட்டினார். அங்கே அதிகாரியின் முன் உட்கார்ந்து, நான்தான் முதலில் பாய்ந்தேன், எனக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்று மல்லுக்கு நின்றார். கடைசியில் நிலமும் ஒரு குதிரையும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். பிற்பாடு இதையெல்லாம் படச்சுருளாக வரையவும் வைத்தார். மங்கோலியர் வீசிய வெடிகுண்டு நடுவானில் வெடிப்பது அந்தச் சுருளில் இருக்கிறது. அதே மாதிரிக் குண்டுகளை இப்போது கடலடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நிலுவைத் தொகைக்காக ஒரு கட்டு ஜெராக்ஸோடு படியேறி இறங்கியவன் நான். ஜின் சாகாயைவிட சுயெநாகா எனக்கு நெருக்கமானவர் என்றால் ஆசிரியர் நண்பர்களுக்குப் புரியும். அவருக்காவது கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. தற்காப்புச் சண்டையில் புது நிலம் பிடிபடாது. பிடிபடாத நிலத்தை எப்படிப் பங்கு போடுவது? அந்த மனக்குறை சேர்ந்து சேர்ந்து காமகுரா ஆட்சி 1333இல் விழுந்ததற்கு ஒரு காரணமாயிற்று.

இருட்டில் போவது இழிவா என்ற கேள்விக்கு நம் இலக்கணத்தைக் கேட்டிருந்தால் மாமனும் மருமகனும் அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தொல்காப்பியத்தில் புறத்திணையே வெட்சியில்தான் தொடங்குகிறது. வெட்சி என்றால் என்ன? எதிரி நாட்டு மாட்டை அவனுக்குத் தெரியாமல் ஓட்டிக்கொண்டு வருவது. அதற்கும் ஒரு பூ, அதற்கும் ஒரு மரியாதை. அதே ஆட்கள் புறநானூற்றில் போருக்கு முன் முன்னறிவிப்பும் கொடுக்கிறார்கள். பசுக்களும் பெண்களும் நோயாளிகளும் பாதுகாப்பான இடம் போய்விடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று. இரண்டும் ஒரே மரபு. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நடுகல். எடுத்தனூர் நடுகல்லில் அவனோடு நின்று போராடிய நாய்க்கும் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள், கோவிவன் என்று. திருவண்ணாமலைப் பக்கம் போகிறவர்கள் இந்த நடுகற்களைத் தேடிப் பாருங்கள்.

இதைப் பேரனிடம் சொன்னபோதுதான் அவன் கேட்டான். "நம்ம ஊர்ப் பக்கம் இப்படிச் சண்டை எதுவும் நடக்கலையா தாத்தா?"

அடப்பாவி. அவன் வாரத்தில் இரண்டு முறை பைக்கில் மணிமங்கலம் வழியாகப் போகிறவன்.

படப்பையிலிருந்து கால் மணி நேரம். இரண்டாம் புலிகேசி, வடநாட்டு ஹர்ஷரையே நர்மதையில் தடுத்து நிறுத்தியவர், காஞ்சியை நோக்கிப் படையோடு வந்தபோது, முதலாம் நரசிம்மவர்மன் அவரை முறியடித்த களங்களில் ஒன்று இந்த மணிமங்கலம். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று கூரம் செப்பேடு வரிசையாகப் பேர் சொல்கிறது. அடுத்து 642இல் வாதாபியே விழுந்தது. கல்கியின் சிவகாமியின் சபதம் படித்தவர்களுக்கு மணிமங்கலம் நினைவிருக்கும். இன்று அங்கே ஏரி இருக்கிறது, ராஜகோபாலசாமி கோயில் இருக்கிறது, மனை விற்பனைப் பலகைகள் வரிசையாக இருக்கின்றன. இந்த மண்ணில் இரண்டு பேரரசுகள் மோதின என்று ஒரு பலகை என் கண்ணில் பட்டதில்லை. எண்பது பேர் செத்த கொமோடாவுக்கு உலகம் முழுக்க ஆள் தெரியும். சுஷிமாவின் வதத்சுமி கோயிலில் கடலோரத் தோரண வாயில் ஒன்று 2020 செப்டம்பர் புயலில் விழுந்தது. சரிசெய்ய 50 லட்சம் யென் வேண்டும் என்று கேட்டார்கள். இந்த விளையாட்டை விளையாடியவர்கள் உலகெங்கிலுமிருந்து போட்டுப் போட்டு இரண்டரைக் கோடி யென்னுக்கும் மேல் சேர்ந்துவிட்டது. விளையாட்டைச் செய்த இருவரைத் தீவின் சுற்றுலாத் தூதர்களாகவும் அறிவித்தார்கள். பொறாமையாக இருந்தது. மறைக்கவில்லை.

"சரி, 1274ல நம்ம ராஜா யாரு?" அடுத்த கேள்வி.

மாறவர்மன் குலசேகர பாண்டியன். 1268இல் பட்டத்துக்கு வந்தவன். சோழர் கடைசி மூச்சில் இருந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து 1279இல் மூன்றாம் ராஜேந்திரனோடு அந்தப் பேரே முடிகிறது. பாண்டியர் குடும்பத்தில் ஒரே நேரத்தில் பலர் பங்கு போட்டு ஆண்டார்கள், மார்க்கோ போலோவும் ஐந்து சகோதரர்கள் என்கிறான். இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"அவருக்கு இந்தக் குப்ளாய் கானைத் தெரியுமா?"

அங்கேதான் எனக்கு வேறொரு குரல் கேட்டது.

எண்பதுகளின் கடைசி. ஒன்பதாம் வகுப்பு. மூன்றாவது பெஞ்சில் சாலமங்கலத்துப் பையன் ஒருவன். மார்க்கோ போலோ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எழுந்து கேட்டான்: "சார், மங்கோலியர் ஜப்பான் வரைக்கும் போனாங்கன்னா நம்ம ஊருக்கு ஏன் சார் வரல?" மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது, பாடம் பாதி பாக்கி. "சிலபஸ்ல இல்லாததைக் கேட்காதே, உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சிலபஸில் இல்லை என்பது உண்மை. எனக்கும் பதில் தெரியாது என்பதுதான் அதைவிடப் பெரிய உண்மை. தெரியாது என்று வகுப்பில் சொல்லும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

ஆகவே இந்தப் பகுதி அவனுக்கு.

வந்தார்கள் தம்பி. படையாக அல்ல, தூதாக.

1281ஆம் ஆண்டை எடுத்துக்கொள். ஜப்பான்மீது குப்ளாயின் இரண்டாவது படையெடுப்பு நடந்த வருஷம். சீனாவின் தென்கிழக்கில் சுவான்சௌ என்று ஒரு துறைமுகம். அன்று உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. யுனெஸ்கோ 2021இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த ஒரே ஊரில், அந்த ஒரே வருஷத்தில் மூன்று காரியம் நடக்கிறது.

ஜப்பான்மேல் ஏவ 200 கப்பல் கட்டிக்கொடு என்று சுவான்சௌவின் பெரும்புள்ளி பு ஷௌகெங்குக்கு ஆணை வந்திருந்தது. 50தான் முடிந்திருக்கிறது, மக்கள் தாங்கமாட்டார்கள் என்று அவர் அந்த வருஷத் தொடக்கத்தில் மேலே எழுதுகிறார். சரி, நிறுத்து என்று பதில் வருகிறது. 1274இல் கொரியத் தச்சன், 1281இல் சீனத் தச்சன்.

அதே வருஷம் முதல் மாதம் அதே துறையிலிருந்து யாங் திங்பி என்ற தூதர் புறப்படுகிறார். குப்ளாய் அனுப்பியது கொல்லத்துக்கு. மூன்று மாதம் கடலில் ஓடி இலங்கை வரை வந்தாயிற்று. எதிர்க்காற்று. உணவும் தீர்கிறது. மாலுமிகள், கொல்லம் போக முடியாது, மாபாரில் இறங்கித் தரைவழியாகப் போகலாம் என்கிறார்கள். மாபார் என்று வெளிநாட்டார் சொன்னது நம் பாண்டி நாட்டுக் கரையை. இறங்குகிறார்கள். தரைவழி கிடைக்கவில்லை. ஏனென்றால் இங்கே ஆளும் சகோதரர் ஐவரும் காயலில் கூடிக் கொல்லத்தின் மேல் படையெடுக்கத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். சீன அரச வரலாறு இதை எழுதிவைத்திருக்கிறது. அவர் வந்திறங்கியது சீனக் கணக்கில் நாலாம் மாதம், நமக்குச் சித்திரை வைகாசி.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. அதே 1281, சக ஆண்டு 1203, சித்திரை மாதம். அதே சுவான்சௌ. சம்பந்தப் பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்திகள் என்ற தமிழர் ஒருவர் அங்கே சிவன் திருமேனியை எழுந்தருளச் செய்து தமிழில் கல்வெட்டு வெட்டுகிறார். கடைசியில் ஒரு வரி சீனத்தில். எதற்காகச் செய்தாராம்? கானின் உடல் நலத்துக்காக, கானின் ஆணைப்படி. செகசை கான் என்று கல்வெட்டு சொல்கிறது. அது குப்ளாய்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அந்த ஊரில் சிவலிங்கத்தை யானை பூசிக்கும் சிற்பம் கிடைத்திருக்கிறது. கையுவான் புத்தர் கோயிலின் பின்பக்கத் தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இன்றும் நிற்கிறார்கள். இடிந்த நம் கோயிலின் கற்களை எடுத்து வைத்துக் கட்டியது.

சித்திரையில் நம் ஆள் கான் நீடூழி வாழ வேண்டும் என்று சிவனை வைத்தார். ஆவணியில் அந்தக் கானின் பெரும் கடற்படை, 3500 கப்பல் ஒரு லட்சம் பேர் என்று ஏடுகள் கணக்குச் சொல்லும் தென்சீனப் படை, கொரியாவிலிருந்து வந்த படையோடு சேர்ந்து, ஜப்பான் கரையில் புயலில் சிக்கிச் சிதறியது. ஜப்பானியர் அதைத் தெய்வக் காற்று என்றார்கள். காமிகாஜே. சுஷிமாக்காரன் கானைச் சாபமிட்ட வருஷத்தில் தமிழன் அவனுக்காக அர்ச்சனை செய்திருக்கிறான். கான் ஒருவன்தான். எதிர்க்காற்று அங்கே கப்பலை உடைத்தது, இங்கே தூதரைத் தவறான கரையில் இறக்கியது.

பேரனிடம் சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. ஐம்பது மணி நேரம் மங்கோலியரை வெட்டியவன் அல்லவா. "அப்ப நம்ம ராஜா பயந்துட்டாரா தாத்தா?" என்றான்.

இதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. ஜப்பான் குப்ளாயின் தூதர்களை 1275இலும் 1279இலும் தலை வெட்டியது. ஜாவாவின் கீர்த்தநகரன் 1289இல் தூதரின் முகத்தில் சூடு போட்டு அனுப்பினான், 1293இல் படை வந்தது. பாண்டியன் 1279 முதலே தூதரும் பரிசுப் பொருளும் அனுப்பினான். சீன ஏடு அதைத் திறை என்று எழுதும். சீன அரசனுக்கு யார் எதைக் கொடுத்தாலும் அங்கே அதற்குத் திறை என்றுதான் பேர். முத்தும் மிளகும் துணியும் விற்று, பட்டும் பீங்கானும் வாங்குகிறவனுக்கு அது கடைக்காரருக்குத் தீபாவளி இனிப்பு அனுப்புவது மாதிரிதான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். நாகப்பட்டினத்தில் சீனர்களே 1267இல் ஒரு கோபுரம் கட்டியிருந்தார்கள். அறுநூறு வருஷம் நின்று 1867இல் இடிக்கப்பட்டது. வாடிக்கையாளர் வீட்டின்மேல் யாரும் சும்மா படையெடுப்பதில்லை. தூரமும் சாதாரணத் தூரமல்ல, மூன்று மாதக் கடல். நிலவழியில் வந்த வேறு மங்கோலியக் கூட்டங்களை வடமேற்கில் தில்லி சுல்தான்களின் படை தடுத்துக்கொண்டிருந்தது.

அந்தத் தில்லிப் படையே 1311இல் மாலிக் கபூரோடு மதுரைக்கு வந்தது. மங்கோலியனிடமிருந்து தப்பினோம் என்று மூச்சு விடவும் நேரமில்லை. அதற்கு முன்பே குலசேகரன் பெற்ற பிள்ளைகள் இருவர் பட்டத்துக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். பயமா, சாமர்த்தியமா, அதிர்ஷ்டமா என்று கேட்டால் மூன்றிலும் கொஞ்சம் என்பேன்.

முடிவைப் பற்றி. இன்னும் விளையாடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கடைசியில் கான் செத்த பிறகும் கதை முடிவதில்லை. சட்டத்தை மீறிய மருமகனைக் கொல்லும்படி மாமனுக்கு ஆணை வருகிறது. வளர்த்த கையோடு சண்டை. மாமன் தோற்று மண்டியிட்டு, என்னை மானத்தோடு சாகவிடு என்று கேட்கிறார். கொல்வதா விடுவதா என்று விளையாடுகிறவரே தீர்மானிக்க வேண்டும். பேரன் தன் முறையில் யோசிக்காமல் கொன்றான். "அவரே கேக்குறார் தாத்தா, மரியாதை குடுக்கணும்ல" என்றான். என் முறை வந்தபோது ராத்திரி பதினொன்றே கால். அவன் ஊருக்குப் போய் நாலு நாள் ஆகியிருந்தது, விளையாட்டுப் பெட்டியை எனக்காக விட்டுப் போயிருந்தான். கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பொத்தானை அமுக்கும்வரை திரையில் அந்தக் கிழவர் அப்படியே காத்திருக்கிறார். நான் விட்டுவிட்டேன். வாத்தியார் வேலை பார்த்தவன் கை அதற்கு வரவில்லை. பேரனுக்குப் போன் செய்து சொன்னேன், சிரித்தான்.

சாலமங்கலத்துப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்கியிருக்கும். பேரை எழுதி அவனைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு யாரென்று தெரியும். ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. அங்கே இப்போது ஜப்பான்காரர்களும் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் சுஷிமா பற்றி அவன் எப்போதாவது பேசியிருப்பானோ என்னவோ. அவனோடு தொடர்பில் இருப்பவர்கள் இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பி வையுங்கள். வேறு கேள்வி ஏதாவது பாக்கி வைத்திருந்தானா என்றும் கேளுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.